அம்மாவின் போன் அடிக்க வேண்டும்

சென்ட்ரலுக்குள் நுழைகிற எந்த ரயிலும் பேசின் பிரிட்ஜைத் தாண்டித்தான் வரவேண்டும். பெரம்பூர், வியாசர்பாடி ஜீவா வழியாக மேற்கிலிருந்து வரும் பாதையும், எண்ணூர், கொருக்குப்பேட்டை வழியாக வடக்கிலிருந்து வரும் பாதையும் இங்கேதான் சேர்கின்றன. பிளாட்பாரம் காலியில்லாவிட்டால் வண்டி இங்கேயே நின்றுவிடும். நின்ற சற்று நேரத்தில் பெட்டி முழுக்க ஒரே பேச்சுதான்: “பேசின் பிரிட்ஜ்ல போட்டுட்டான்மா. நீ சாப்பிட்டுப் படு, நான் வந்துடுறேன்.”

மறுமுனையில் இருப்பவர் பெரும்பாலும் வயதானவர். புளியந்தோப்பு வாரியக் குடியிருப்பிலோ மூலக்கொத்தளத்துச் சந்து ஒன்றிலோ பட்டன் போனைத் தலையணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருப்பவர். அவராக யாருக்கும் போன் போடுவது அரிது. வருகிற போனை எடுப்பதும், வங்கியிலிருந்து வரும் ஓடிபியைப் பேரனிடம் காட்டுவதும்தான் அவருக்குச் செல்போன்.

இப்படிப்பட்ட ஓர் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ குறைந்த செலவில் எந்தத் திட்டம் போடலாம் என்று ரீசார்ஜ் கடையில் கேட்டால், பதில் ஜிபி கணக்கில்தான் வரும். தினம் ஒன்றரை ஜிபி, தினம் இரண்டு ஜிபி, கூடவே ஏதாவது ஓடிடி. கேட்டவரும் அந்த வரிசையிலேயே விலை குறைந்ததைத் தேடத் தொடங்குவார். தேட வேண்டிய இடம் அதுவல்ல. வயதானவருக்கு நாம் வாங்குவது இரண்டே விஷயங்கள்: போன் அடிக்க வேண்டும், எடுத்தால் பேச்சு புரிய வேண்டும். முதலாவது நாள்கணக்கையும் வீட்டுச் சுவரையும் பொறுத்தது. இரண்டாவது காதைப் பொறுத்தது. ஜிபி கடைசியில் பார்க்க வேண்டியது.

ஒரு போன் அடிப்பதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். அம்மாவின் எண்ணை யாரோ அழுத்துகிறார்கள். அந்த நேரத்தில் அவருடைய போன் எந்த டவரின் கீழ் இருக்கிறது என்று நெட்வொர்க்குக்கு எப்படித் தெரியும்? போன் சும்மா கிடப்பதுபோல் தெரிந்தாலும் அது சும்மா இருப்பதில்லை. ஆன் செய்தவுடன் பக்கத்து டவர் வழியாகத் தன்னைப் பதிவு செய்துகொள்கிறது. கம்பெனி பல டவர்களைச் சேர்த்து ஒரு வட்டாரமாகப் பிரித்து வைத்திருக்கும். ஒரு வட்டாரத்தை விட்டு இன்னொன்றுக்குள் போனால் போன் அதைத் தெரிவிக்கும். எங்கும் போகாவிட்டாலும் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை ‘இங்கேதான் இருக்கிறேன்’ என்று சொல்லும். கம்பெனியின் பதிவேட்டில் ஒவ்வோர் எண்ணுக்கும் நேரே அதன் கடைசி வட்டாரம் குறிக்கப்பட்டிருக்கும். அழைப்பு வந்ததும் அந்த வட்டாரத்து டவர்கள், ரேஷன் கடையில் கார்டு நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவதைப் போல, அந்தப் போனைக் கூப்பிடும். தூக்கத்தில் இருக்கும் போனும் ஒன்றிரண்டு விநாடிக்கு ஒருமுறை விழித்து, தன்னைக் கூப்பிடுகிறார்களா என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கும். கூப்பிட்டது தன்னைத்தான் என்றால் பதில் கொடுக்கும். அதன் பிறகுதான் மணி அடிக்கிறது.

ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு ஓடும் ரயில் வட்டார எல்லையைக் கடக்கும்போது அத்தனை போன்களும் ஒரே நேரத்தில் பதிவை மாற்றச் சொல்லிக் கேட்கும். ஓடும் வண்டியில் பேசிக்கொண்டிருப்பவர்களை ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்குக் கை மாற்ற வேண்டும். நெட்வொர்க்குக்குப் பெரிய வேலை அதுதான். வீட்டைவிட்டு நகராத, நாளுக்கு இரண்டு அழைப்பு எடுக்கிற அம்மாவின் போன் கொடுக்கும் வேலை மிகக் குறைவு.

அப்படியிருக்க, வரும் அழைப்பை எடுப்பதற்கு மட்டும் 28 நாளுக்கு ஒருமுறை 199 ரூபாய் ஏன் கட்ட வேண்டியிருக்கிறது? காரணம் டவரில் இல்லை, கம்பெனிகள் தங்களுக்குள் வைத்திருந்த கணக்கில் இருக்கிறது.

இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போனது. பேசியவர்கள் மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசுவும் மத்திய அமைச்சர் சுக்ராமும். அதே ஆண்டு சென்னையில் ஸ்கைசெல், ஆர்பிஜி என்று இரண்டு கம்பெனிகள் சேவையைத் தொடங்கின. நெரிசல் நேரத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் 80 காசு வரை போன காலம் அது. வரும் அழைப்புக்கும் காசு. போன் அடித்தால் எண்ணைப் பார்த்துவிட்டு, எடுக்காமல் வெட்டி, பிசிஓவுக்கு ஓடியவர்கள் உண்டு.

2003 மே மாதம் முதல் வரும் அழைப்பு இலவசமானது. அழைப்பவரே பணம் கொடுப்பார் என்ற முறை வந்தது. ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் இன்னொரு கம்பெனியின் வாடிக்கையாளரை அழைத்தால், அழைத்தவரின் கம்பெனி எடுத்தவரின் கம்பெனிக்கு நிமிடக் கணக்கில் ஒரு தொகை தர வேண்டும். 2004 முதல் அது நிமிடத்துக்கு 30 காசு. அம்மா ஒரு ரூபாய்கூட ரீசார்ஜ் செய்யாமல், திருவொற்றியூரிலிருந்து பேசும் தங்கையோடு அரை மணி நேரம் பேசினால், தங்கையின் கம்பெனியிடமிருந்து அம்மாவின் கம்பெனிக்கு 9 ரூபாய் வந்துவிடும். எடுக்க மட்டுமே செய்கிற வாடிக்கையாளரும் அன்று வருமானம் தந்தார். 2005 கடைசியில் 999 ரூபாய்க்கு ‘லைஃப்டைம்’ சிம் விற்க முடிந்ததற்குப் பின்னால் இருந்தது இந்தக் கணக்குதான். அந்த சிம்மை நம்பி எத்தனையோ தாத்தாக்களும் ஆயாக்களும் செல்போனுக்கு வந்தார்கள்.

பிறகு அந்தத் தொகை படிப்படியாக இறங்கியது. 2009-இல் 20 காசு, 2015-இல் 14 காசு, 2017 அக்டோபரில் 6 காசு, 2021 ஜனவரி 1 முதல் பூஜ்யம். எடுக்க மட்டுமே செய்கிறவரிடமிருந்து வந்த வருமானம் வற்றத் தொடங்கியதுமே, 2018 கடைசியில் ஏர்டெலும் வோடபோன் ஐடியாவும் 28 நாளுக்குக் குறைந்தது 35 ரூபாய் போட்டால்தான் இணைப்பு என்று அறிவித்தன. லைஃப்டைம் அதோடு முடிந்தது. ஏர்டெலில் இந்தக் குறைந்தபட்சம் 2021 கடைசியில் 99 ரூபாய் ஆனது. 2024 ஜூலை விலை உயர்வுக்குப் பிறகு 199. ஆறு ஆண்டுக்குள் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. அந்த 199-க்குள் 2 ஜிபி டேட்டாவும் இருக்கிறது. பட்டன் போன் வைத்திருப்பவர் அதைத் தொடப்போவதே இல்லை.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைக் கவனித்தது. நாட்டில் சுமார் 15 கோடிப் பேர் இன்னும் பட்டன் போனில்தான் இருக்கிறார்கள்; தாங்கள் பயன்படுத்தாத டேட்டாவுக்கு அவர்கள் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று கேட்டு, 2024 டிசம்பர் 23 அன்று விதியைத் திருத்தியது. பேச்சும் எஸ்எம்எஸும் மட்டும் உள்ள ரீசார்ஜ் ஒன்றாவது ஒவ்வொரு கம்பெனியும் விற்க வேண்டும். இத்தகைய ரீசார்ஜின் காலம் 90 நாளுக்குப் பதில் 365 நாள் வரை போகலாம். கேட்பதற்கு எளிமையான இந்த விதி, வயதான பெற்றோருக்குத் திட்டம் தேடுகிற எவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. கம்பெனிகள் இந்தத் திட்டங்களைப் பெரிதாக விளம்பரம் செய்வதில்லை. கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார். “டேட்டா வேணாம், பேச்சு மட்டும் இருக்கிறது எது?” என்று நாம்தான் கேட்க வேண்டும்.

2025 ஜனவரியில் அறிவித்த விலைகளை எடுத்துக்கொள்வோம். ஏர்டெலில் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849. வோடபோன் ஐடியாவில் 84 நாளுக்கு 470, ஆண்டுக்கு 1,849. ஜியோவில் 84 நாளுக்கு 448, நீண்ட காலத் திட்டம் 1,748. எல்லாவற்றிலும் பேச்சுக்கு அளவில்லை. விலைகள் மாறிக்கொண்டே இருக்கும், வாங்கும் நாளில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது. விலையை நாளால் வகுக்க வேண்டும். 1,748 என்பது 1,849-ஐவிட நூறு ரூபாய் குறைவாகத் தெரிகிறது. ஆனால் அது 365 நாள் இல்லை, 336 நாள். வகுத்துப் பார்த்தால் 1,849 ரூபாய்த் திட்டம் நாளுக்கு 5 ரூபாய் 7 காசு, 1,748 ரூபாய்த் திட்டம் நாளுக்கு 5 ரூபாய் 20 காசு. விலை குறைந்தது செலவில் கூடுதலாகிறது. இதே வழியில் 469 ரூபாய்த் திட்டம் நாளுக்கு 5 ரூபாய் 58 காசு. 199 ரூபாய்த் திட்டம் 7 ரூபாய் 11 காசு. 28 நாள் என்பது மாதம் அல்ல. ஆண்டுக்கு 12 முறைக்குப் பதில் 13 முறை கட்ட வைப்பது அது.

பேச்சு குறைவாக உள்ளவருக்கு பிஎஸ்என்எல்லும் பார்க்கத் தகுந்தது. மாதம் 300 நிமிடப் பேச்சு, 3 ஜிபி, 30 எஸ்எம்எஸ் என்று ஓராண்டுக்கு 1,198 ரூபாயில் ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். நாளுக்கு 3 ரூபாய் 28 காசு. எடுக்க மட்டுமே செய்கிறவருக்கு 300 நிமிடம் தாராளம், வரும் அழைப்புக்கு நிமிடக் கணக்கே கிடையாது. பேசின் பிரிட்ஜ் பக்கத்து வீட்டுக்குள் அதன் சிக்னல் வருகிறதா என்பதுதான் கேள்வி, அதற்கு வருகிறேன்.

இங்கே எனக்குத் தீராத ஆதங்கம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதை மட்டும் நம்பி இருக்கும் ஒரு மூதாட்டியால் 1,849 ரூபாயை ஒரே தடவையில் எடுத்து வைக்க முடியாது. அது அவருடைய ஒரு மாத வருமானத்தைவிட 649 ரூபாய் அதிகம். ஆகவே அவர் 199 ரூபாயை 13 தடவை கட்டுவார். ஆண்டு முடிவில் 2,587 ரூபாய். கையில் பணம் உள்ளவரின் அம்மாவுக்கு 1,849-இல் முடிவது, இல்லாதவருக்கு 738 ரூபாய் கூடுதலாகிறது. டிராய் விதி ‘ஒன்றாவது விற்க வேண்டும்’ என்றதே தவிர, அது ஒரு மாதத்துக்கும் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கம்பெனிகள் 84 நாளையும் அதைவிட நீண்ட காலத்தையும்தான் கொண்டுவந்தன. பேச்சு மட்டும் உள்ள 30 நாள் ரீசார்ஜ், நாளுக்கு ஐந்து ரூபாய் விலையில், 150 ரூபாய்க்கு இருந்தால் வடசென்னையில் எத்தனை வீடுகளுக்கு அது உதவும்! 2022 ஜனவரியில் இதே டிராய்தான் 30 நாள் வேலிடிட்டி உள்ள திட்டத்தைக் கட்டாயமாக்கியது. அந்தக் கையோடு இதையும் செய்திருக்கலாம், இப்போதும் செய்யலாம். அதுவரை, சம்பாதிக்கும் பிள்ளைகள் மாதாமாதம் அம்மாவுக்கு ரீசார்ஜ் காசு கொடுப்பதைவிட, போனஸ் வரும் மாதத்தில் ஓராண்டுக்கு ஒரேயடியாகப் போட்டுவிடுவது நல்லது.

நாள்கணக்கு இருக்கட்டும். இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது காது.

மனிதக் காது இளமையில் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயதாக ஆக, உள்காதின் சுருள் வாயிற்பகுதியில் இருக்கும் மயிர்ச்செல்கள் முதலில் சாகின்றன. உயர்ந்த அதிர்வெண்களைப் பிடிப்பவை அவைதான். அதனால்தான் வயதானவர்கள் “சத்தம் கேக்குது, ஆனா என்ன சொல்றேன்னு புரியல” என்கிறார்கள். அது மிகத் துல்லியமான விவரிப்பு. பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் பலமாக இருக்கும். மெய்யொலிகள் பல உயர்ந்த அதிர்வெண்ணில் மெலிந்து இருக்கும். கட்டை, சட்டை, தட்டை, பட்டை என்று நான்கு சொற்களைச் சொல்லிப்பாருங்கள். முதல் மெய்யைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றே. அந்த மெய்யின் ஒலி ஒரு விநாடியில் மிகச் சிறு பங்குதான் நீடிக்கிறது. ‘ஸ’ போன்ற சீறும் ஒலிகளின் ஆற்றல் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது.

பழைய தொலைபேசியும் 2ஜி செல்போனும் 300-லிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் குரலைக் கடத்தும். 2ஜி போன் குரலை விநாடிக்கு 8,000 தடவை அளந்து அனுப்புகிறது. அந்த அளவில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள எதுவும் தப்பிக்க முடியாது. மீதியை மூளை ஊகித்துக்கொள்கிறது. இளங்காதுக்கு அந்த ஊகம் சிரமமே இல்லை. ஏற்கெனவே தேய்ந்த காதோடு, கூட்ஸ் வண்டி உருண்டுபோகிற ஓசையும் சேர்ந்தால் ஊகம் தோற்றுவிடும். தாழ்ந்த அதிர்வெண் இரைச்சல் தனக்கு மேலே உள்ள மெல்லிய ஒலிகளை மூடிவிடும் என்பது காது அறிவியலில் நன்கு நிறுவப்பட்டது. தண்டவாளத்தை ஒட்டி வாழ்பவர்கள் அதை நாள்தோறும் அனுபவிக்கிறார்கள். நாம் கத்திப் பேசுவதும் பெரிதாக உதவாது. கத்தும்போது உயிரொலிதான் பெருக்கிறது, மெய்யொலி அந்த அளவுக்குப் பெருப்பதில்லை. நிறுத்தி நிதானமாகப் பேசினால் பயன் உண்டு.

4ஜி வந்தபின் குரல் வேறு வழியில் போகிறது. வோல்டீ எனப்படும் அந்த முறையில் குரல் விநாடிக்கு 16,000 தடவை அளக்கப்படுகிறது. 50-லிருந்து 7,000 ஹெர்ட்ஸ் வரை போய்ச் சேர்கிறது. மெய்யொலிகள் வாழும் பகுதி திரும்பக் கிடைக்கிறது. போனில் பேசும்போது திரையில் ‘எச்டி’ என்று காட்டுவது இதைத்தான். ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு முனையிலும் வோல்டீ இருக்க வேண்டும். மகன் வாங்கிய புதிய 5ஜி போனிலிருந்து அழைத்தாலும், அம்மாவின் கையில் 2ஜி பட்டன் போன் இருந்தால் குரல் பழைய குறுகிய குழாய்க்குள்தான் நுழையும்.

காதில் ஹியரிங் எய்ட் வைத்திருப்பவருக்கு இன்னொரு தொல்லை. பழைய ரேடியோ பக்கத்தில் செல்போன் இருந்தால், அழைப்பு வருவதற்குச் சற்று முன் ‘டிட்டிட் டிட்டிட்’ என்று ஒரு சத்தம் கேட்கும், நினைவிருக்கிறதா? 2ஜியில் ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒவ்வொரு போனும் தன் முறை வரும்போது மட்டும் வெடிப்புப்போல் அலையை அனுப்பிவிட்டு அடங்கும். விநாடிக்கு 217 தடவை இது நடக்கிறது. ஹியரிங் எய்டுக்குள் உள்ள நுண்கம்பிகள் அதை ஆன்டெனாபோல் பிடித்து, பெருக்கி, காதுக்குள் ரீங்காரமாகக் கொட்டிவிடும். சிக்னல் பலவீனமான வீட்டில் போன் தன் சக்தியைக் கூட்டும், ரீங்காரமும் கூடும். 2ஜி போன் உச்சத்தில் 2 வாட் வரை அனுப்பக்கூடியது. 4ஜி போனின் உச்சம் அதில் பத்தில் ஒரு பங்கு. “மிஷினை வெச்சிக்கிட்டா போன் பேச முடியல” என்று அம்மா சொன்னால், மிஷினை மாற்றுவதற்கு முன் போனை மாற்றிப் பார்க்க வேண்டும்.

அதற்காகத் தொடுதிரைதான் வேண்டும் என்றில்லை. வோல்டீ உள்ள பட்டன் போன்கள் இப்போது கிடைக்கின்றன. வாங்கும்போது பெட்டியில் 4ஜி, வோல்டீ என்று இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஜியோவில் 2ஜி சேவையே கிடையாது. பழைய பட்டன் போனில் ஜியோ சிம் போட்டால் வேலை செய்யாது. அவர்கள் 2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு ஜியோபாரத் போனைக் கொண்டுவந்தார்கள், 28 நாளுக்கு 123 ரூபாய் என்ற திட்டத்தோடு. நாளுக்கு 4 ரூபாய் 39 காசு, மாத அளவில் கட்டக்கூடியது, குரலும் எச்டி. அந்தப் போனில் வேறு கம்பெனி சிம் போட முடியாது என்பதை மட்டும் அறிந்து வாங்க வேண்டும். மொத்தமாக 1,849 கட்ட முடியாத வீட்டுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், வீட்டுக்குள் ஜியோ சிக்னல் நன்றாக இருந்தால்.

அந்த ‘இருந்தால்’ பெரியது. ரேடியோ அலை எவ்வளவு நீளமோ அவ்வளவு எளிதாகச் சுவரைச் சுற்றியும் ஊடுருவியும் வரும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். 2,300 மெகாஹெர்ட்ஸில் அது 13 சென்டிமீட்டர்தான். ஒரே டவரிலிருந்து இரண்டும் கிளம்பினாலும் வீட்டின் உள்ளறைக்கு முதலாவது வந்துசேரும், இரண்டாவது வாசலோடு நின்றுபோகலாம். வாரியக் குடியிருப்பின் கான்கிரீட்டுக்குள் இருக்கிற இரும்புக் கம்பி வலையும், சந்து வீடுகளின் தகர ஷீட்டும் அலையைத் திருப்பி அனுப்பும். தெருவில் நின்று பேசும்போது முழுக் கட்டம் காட்டுகிற கம்பெனியை நம்பி அம்மாவுக்கு சிம் வாங்கக்கூடாது என்பது இதனால்தான்.

அளந்து பார்ப்பது எளிது. ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் ‘அபௌட் போன்’ பகுதிக்குள் சிம் நிலை என்ற இடத்தில் சிக்னல் வலிமை டிபிஎம் என்ற அளவில், கழித்தல் குறியோடு காட்டும். 4ஜியில் −85 என்றால் நல்ல சிக்னல். −110-ஐத் தாண்டினால் அழைப்பு அறுந்துபோகும் நிலை. வாசலில் −85 காட்டுவது சமையலறையில் −110 காட்டினால், 25 எண்தான் வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். வந்துசேரும் சக்தி முந்நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது என்று அர்த்தம். பண்டிகைக்கு மகன், மருமகள், பேரன் என்று எல்லோரும் வீட்டில் கூடும்போது மூன்று கம்பெனி சிம்மும் அங்கே இருக்கும். அம்மா உட்காரும் இடத்திலும் படுக்கும் இடத்திலும் மூன்று போனையும் வைத்துப் பார்த்துவிடலாம். எண்ணைப் பார்ப்பதோடு நிற்காமல், அந்தக் கட்டிலில் இருந்தபடியே ஒரு அழைப்பு எடுத்துப் பேசச் சொல்ல வேண்டும். 2024-இல் டிராய் கொண்டுவந்த சேவைத்தர விதிகளின்படி ஒவ்வொரு கம்பெனியும் எங்கே எந்தத் தலைமுறை சேவை கிடைக்கிறது என்ற வரைபடத்தைத் தன் இணையதளத்தில் போட வேண்டும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது உதவும். ஆனால் அந்த வரைபடம் தெருவரைக்கும்தான், கட்டில்வரை வராது.

டேட்டா யாருக்கு வேண்டும்? மகள் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தால் வேண்டும், ஏனென்றால் அவள் வாட்ஸ்அப்பில்தான் கூப்பிடுவாள். அந்தக் கணக்கும் பயப்படும் அளவு பெரிதில்லை. வாட்ஸ்அப் குரல் அழைப்பு நிமிடத்துக்குச் சுமார் அரை எம்பி, வீடியோ அழைப்பு சுமார் 5 எம்பி. தினம் பத்து நிமிடம் பேத்தியின் முகம் பார்த்துப் பேசினாலும் மாதம் ஒன்றரை ஜிபிதான். 28 நாளுக்கு 2 ஜிபி தரும் திட்டமே போதும். தினம் இரண்டு மணி நேரம் யூடியூபில் பழைய படமோ சொற்பொழிவோ பார்க்கும் அப்பாவுக்கு வேண்டுமானால் தினசரி ஜிபி தேவைப்படும். அவருக்கும் பக்கத்து அறையில் வைஃபை இருந்தால் தேவையில்லை.

வீட்டில் எல்லோரும் ஒரே கம்பெனியில் இருப்பது வசதிபோல் தெரியும். நான் அதை ஒப்பமாட்டேன். 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க ஏர்செல் படுத்தபோது, ஏர்செல்லை மட்டுமே வைத்திருந்த குடும்பங்களில் ஒருவரை ஒருவர் கூப்பிட வழியில்லாமல் போனது. அதே மாதக் கடைசியில் அந்தக் கம்பெனி திவால் மனு போட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடசென்னையை மூழ்கடித்த நாட்களில் கரண்ட் இல்லாமல் பல இடங்களில் நெட்வொர்க் விழுந்தது. எல்லா டவர்களும் ஒரே நேரத்தில் விழுவதில்லை. உடனிருக்கும் மருமகளின் சிம் ஒரு கம்பெனி என்றால், மாமியாரின் சிம் வேறொன்றாக இருக்கட்டும்.

கம்பெனியை மாற்ற எண்ணை மாற்ற வேண்டியதில்லை. 2011 ஜனவரி முதல் நாடு முழுக்க அந்த வசதி உண்டு. ஆங்கில எழுத்தில் ‘போர்ட்’ என்று அடித்து, ஓர் இடம் விட்டு, பத்து இலக்க எண்ணையும் சேர்த்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று வரும். அதன் ஆயுள் தமிழ்நாட்டில் நான்கு நாள்தான். அதற்குள் புதிய கம்பெனியின் கடைக்குப் போய்விட வேண்டும். அங்கே முதலில் கேட்க வேண்டியது, சிம் யார் பெயரில் இருக்கிறது என்பது. வயதானவர்களின் சிம் பல வீடுகளில் மருமகன் பெயரிலோ, என்றோ வேலைக்குப் போய்விட்ட பக்கத்து வீட்டுப் பையன் பெயரிலோ இருக்கும். பெயர் உள்ளவர்தான் வந்து கையெழுத்துப் போட வேண்டும். உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகை மிஷினில் விழாமல் போவதும் சகஜம். அப்போது முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கும் வழியைக் கேட்கலாம். சிம் தொலைந்து புதிது வாங்கியிருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். இது 2024 ஜூலையில் வந்த விதி, நம்பரைத் திருடுகிறவர்களைத் தடுக்க. பழைய கம்பெனியில் மிச்சமிருக்கும் நாட்களும் காசும் புதிய இடத்துக்கு வராது, ஆகையால் ரீசார்ஜ் முடியும் வாரத்தில் மாறுவதே நல்லது. மாறுவதற்கு மூன்று வேலைநாள் ஆகும். இடையில் சில மணி நேரம் போன் செத்துக் கிடக்கும் என்பதை அம்மாவிடமும், வழக்கமாகக் கூப்பிடுகிறவர்களிடமும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

புதிய சிம் விழித்ததும் வோல்டீ ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல போன்களில் அதைத் தனியாகத் தட்ட வேண்டியிருக்கும். வங்கியிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் வரவழைத்துப் பார்க்க வேண்டும். முடியும் தேதியைத் தினசரி காலண்டரின் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். கம்பெனி அனுப்பும் நினைவூட்டல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். தேதி தாண்டினால் முதலில் வெளியே பேச முடியாது, சில நாள் கழித்து வரும் அழைப்பும் ஓடிபியும் நிற்கும். அப்படியே விட்டு, துண்டித்து 90 நாள் போனால் அந்த எண்ணை இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்று விதி இருக்கிறது. ஓய்வூதியம் விழும் வங்கிக் கணக்கு, ரேஷன் அட்டை, ஆதார் எல்லாம் அந்தப் பத்து இலக்கத்தில்தான் தொங்குகின்றன. ஆகவே காலண்டரில் எழுதும் அதே தேதியைப் பிள்ளைகளில் ஒருவர் தன் போனிலும், அதற்கு ஒரு வாரம் முன்னதாக மணி அடிக்கும்படி, போட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.